கண்காணாத வாங்குநரும் கண்டிச் சரக்கும்

2013ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு நாள், கட்டுகஸ்தோட்டையில் வசிக்கும் என் நண்பர் ஓர் உறையுடன் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். உறைக்குள் இங்கிலாந்து வங்கியொன்றின் பெயர் பொறித்த காசோலை இருந்தது. தொகை 12,000 ஸ்டேர்லிங் பவுண். தமது பழைய டொயோட்டா கொரோலாவை விற்பதற்கு இணையத்தில் விளம்பரம் செய்திருந்தார். கேட்ட விலை 19 இலட்சம் ரூபா. வட கடலில் எண்ணெய்க் கிணறு ஒன்றில் பொறியியலாளராகப் பணிபுரிவதாகச் சொன்ன ஒருவர், காரைப் பார்க்காமலே, பேரம் பேசாமலே வாங்கச் சம்மதித்தார். அனுப்பிய காசோலையோ ஏறக்குறைய 24 இலட்சம் பெறுமதியானது. மிகுதி ஐந்து இலட்சத்தைக் கப்பல் முகவருக்கு உடனே அனுப்பிவிட வேண்டும் என்பது மட்டுமே அவருடைய வேண்டுகோள்.

"நல்ல மனுசன் போலத் தெரியுது" என்றார் நண்பர். நான் பத்திரிகையில் கழித்த ஆண்டுகளில் இத்தகைய நல்ல மனிதர்களைப் பற்றிய செய்திகளைப் பலமுறை திருத்தி அச்சுக்கு அனுப்பியவன். ஆனாலும் நண்பரின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கெடுக்க அந்தக் கணத்தில் மனம் வரவில்லை. வங்கியில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் போனபின் என் சிந்தனை வேறு திசையில் சென்றது. கண்காணாத தேசத்தில் இருக்கும் முகமறியா வாங்குநருக்குச் சரக்கு விற்பது கண்டிக்குப் புதிதா? இரண்டு நூற்றாண்டுகளாக இந்த மலைகள் செய்துவருவதே அதுதானே!

1820களில் கம்பளையை அடுத்த சிங்காபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு அருகே கன்னொருவையில் தாமே ஒரு தோட்டத்தைத் திறந்தார். 1840களில் கண்டியைச் சுற்றிய காடுகள் வேகமாக அழிந்து கோப்பித் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்த நம்மவர்கள் பறித்த கோப்பி, மாட்டு வண்டிகளில் கடுகண்ணாவைக் கணவாய் வழியே கொழும்புக்கு இறங்கிற்று. கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல்தான். அங்கிருந்து கப்பல், அப்புறம் இலண்டன். தோட்டத் துரை தன் கோப்பியைக் குடிப்பவனைக் கண்டதில்லை. பெரும்பாலும் வாங்குபவனையும் கண்டதில்லை.

அப்படியானால் பணம் எப்படி வந்தது? இங்கேதான் மாற்றுண்டியல் வருகிறது. இன்ன தொகையை இத்தனை நாளில் கொடு என்று இலண்டனில் இருப்பவனுக்கு எழுதப்படும் கட்டளைச் சீட்டு அது. சரக்கு கப்பலேறியதும் கப்பல் கம்பனி ஒரு பற்றுச்சீட்டுத் தரும். அந்தச் சீட்டு எவன் கையில் இருக்கிறதோ அவனுக்கே சரக்கு. மாற்றுண்டியலோடு இந்தக் கப்பற் சீட்டையும் இணைத்து இங்குள்ள வங்கியிடம் கொடுத்தால், வங்கி வட்டியைக் கழித்துக்கொண்டு பணம் தரும். இலண்டனில் அந்த வங்கியின் ஆள், வாங்குநர் பணம் கொடுத்தால் அல்லது கொடுப்பதாக உண்டியலில் ஒப்பமிட்டால் கப்பற் சீட்டை நீட்டுவான். முகமறியா மனிதரோடு வியாபாரம் செய்தாலும், சரக்கின் சாவி மூன்றாவது ஆளின் கையில் இருந்தது. வணிகர்கள் ஒருவரையொருவர் நம்பியதால் உருவான ஏற்பாடல்ல இது. நம்பாததால் உருவானது.

ஆனால் அதில் ஒரு முள் இருந்தது. வங்கி இங்கே கொடுத்த பணம் முடிந்த பணம் அல்ல. இலண்டனில் உண்டியல் மறுக்கப்பட்டால், அதை எழுதியவனிடமே வங்கி திரும்பி வரும். கொடுத்ததை வட்டியோடு கேட்கும். 1847இல் இலண்டனில் வணிக நெருக்கடி மூண்டு பெரிய வர்த்தக நிறுவனங்கள் சரிந்தபோது, இந்த முள் தைத்தது. பணத்தை வாங்கிச் செலவழித்தும் முடித்திருந்த தோட்டக்காரர்களைத் தேடி உண்டியல்கள் திரும்பி வந்தன. கோப்பி விலையும் விழுந்தது. கடனில் வாங்கிய தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின.

அடுத்த அடி இன்னும் பெரியது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை மெல்ல மெல்லத் தின்றது. கோப்பித் தோட்டங்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்க் கோர்ப்பரேஷன் 1884 மே மாதம் கதவடைத்தது. அக்காலத்தில் இலங்கையில் புழங்கிய தாள் காசின் பெரும்பகுதி அந்த வங்கி வெளியிட்ட நோட்டுகளே. அதுவரை பணம் என்று மடியில் முடிந்து வைத்திருந்தது, ஒரே நாளில் வெறும் கடதாசி ஆகும் நிலை. ஆளுநர் ஆர்தர் கோர்டன், அந்நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்ததால் பேரழிவு தவிர்ந்தது. வைப்புகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அதே ஆண்டு தாள் நாணயக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1885 முதல் நோட்டு வெளியிடும் பொறுப்பை அரசாங்கம் ஏற்றது. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் ரூபாத் தாளின் வம்சாவளி, ஒரு முறிந்த வங்கியில் தொடங்குகிறது.

கோப்பி செத்த இடத்தில் தேயிலை முளைத்தது. ஹேவாஹெட்டையில் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குப் போனது. 1883 ஜூலை 30இல் கொழும்பில் முதல் பகிரங்க ஏலம் நடந்தது. ஏலத்தில் எடுத்தவர் பணம் கட்டினால்தான் சரக்கு விடுவிக்கப்படும். எவ்வளவு பெரிய கம்பனியானாலும் அதுவே ஒழுங்கு.

வெள்ளையர் வங்கிகளின் படியேற முடியாத சிறு வணிகருக்கும் நெல், அரிசி வியாபாரிகளுக்கும் கை கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். அவர்களுடைய உண்டியலில் கப்பற் சீட்டு கிடையாது. காரைக்குடியில் இருப்பவரும் கண்டியில் இருப்பவரும் ஒரே சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவர் ஏமாற்றினால் மற்றவர் பெண் கொடுக்கமாட்டார். இதைவிடப் பெரிய பிணை எந்த வங்கியிடமும் இல்லை! அந்த அமைப்பும் 1925இல் ஒரு பெரிய செட்டியார் நிறுவனம் நொடித்ததும், ஆங்கிலேய வங்கிகள் கடன் கதவைச் சாத்தியதும் ஆட்டங்கண்டது. 1934இல் வங்கி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. கொழும்புக்கு வெளியே அதன் முதற் கிளை கண்டியிலேயே திறக்கப்பட்டது என்பது இந்த ஊரவர்களுக்குச் சிறு பெருமை.

நண்பரின் காசோலைக்கு வருவோம். காசோலையும் மாற்றுண்டியல் குடும்பத்துப் பிள்ளைதான். இலங்கையில் 1927ஆம் ஆண்டின் மாற்றுண்டியல் கட்டளைச் சட்டமே அதையும் ஆள்கிறது. கோப்பிக்காலத்து முள் அப்படியே இதிலும் இருக்கிறது. காசோலையை இட்டதும் கணக்கில் தொகை காட்டப்படலாம். பிறகு அது மறுக்கப்பட்டால், வங்கி உங்களிடமே திரும்பி வரும். இடைப்பட்ட நாட்கள்தான் மோசடிக்காரனின் விளைநிலம்.

அமெரிக்காவில் 1987இல் ஒரு சட்டம் வந்தது. காசோலைப் பணத்தை வங்கிகள் நீண்ட நாள் மறித்து வைக்கக்கூடாது, சில தினங்களில் வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும் என்றது அது. நல்ல நோக்கம். ஆனால் போலிக் காசோலை பிடிபடச் சில வாரங்கள் ஆகலாம். பணம் கைக்கு வந்துவிட்டது என்று நம்பி மிகுதியை அனுப்பியவர்கள் அங்கே ஏராளம். கார் விற்றவர்கள் அவர்களில் ஒரு பெரிய கூட்டம். பிரித்தானியாவில் 2007 நவம்பரில், ஆறாவது வேலை நாள் முடிந்தபின் காசோலைப் பணத்தை மீளப்பெற முடியாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் 2006 முதல் காசோலையின் படிமத்தை அனுப்பித் தீர்க்கும் முறை இருப்பதால் உள்ளூர்க் காசோலை விரைவில் தீர்ந்துவிடும். வெளிநாட்டுக் காசோலைக்கு அந்த வேகம் இல்லை. அது கடல் கடந்து போய், விசாரித்து, பதில் வர வேண்டும். 1847இல் போலவே.

எண்ணெய்க் கிணற்றுப் பொறியியலாளரும் புதிய பிறவி அல்லர். பிரெஞ்சுத் துப்பறிவாளர் விடோக் 1828இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் அவருடைய பாட்டனைக் காணலாம். சிறைக்கைதிகள் செல்வந்தர்களுக்குக் கடிதம் எழுதுவார்களாம். புரட்சியில் தப்பியோடிய பிரபு ஒருவரின் வேலைக்காரன் நான். நகைப்பெட்டி ஒன்று இன்ன இடத்தில் கிடக்கிறது. எடுக்கச் சிறிது பணம் வேண்டும் என்று. நூறு கடிதம் போனால் இருபதுக்குப் பதில் வந்ததாம். எழுதுபவன் எப்போதும் நேரில் வர முடியாத இடத்தில் இருப்பான்: சிறை, போர்முனை, கப்பல், எண்ணெய்க் கிணறு. பெரும்பணம் உங்களுக்கு வரவிருக்கும். அதற்குமுன் சிறுபணம் உங்களிடமிருந்து போக வேண்டும்.

கார் விவகாரத்தில் நண்பர் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. ஜப்பானில் ஓடிக் களைத்த வண்டி தீர்வைக்கு மேல் தீர்வை சுமந்து இலங்கைக்கு வருகிறது. அதனாலேயே இங்கு பழைய காருக்கும் அவ்வளவு விலை. அந்த விலையைக் கொடுத்து, மறுபடி கப்பற் கூலியும் கட்டி, அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக ஒருவருக்கு என்ன பைத்தியம்? கோப்பி இங்கே மலிவு, அங்கே அருமை, ஆகவே கப்பலேறிற்று. காரின் கதை நேர் எதிர்.

பிற்காலத்தில் கதை மெருகேறியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி வரை தடை நீடித்தது. பழைய கார் வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றது. பேராதனையில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்குகிறேன் என்று கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ ஒருவர் அழைத்தால் அது முழுக்க இயற்கை. உண்மையிலேயே அப்படி வாங்கியவர்கள் பலர். 2021இன் பிற்பகுதியிலும் 2022இன் தொடக்கத்திலும் டொலர் 200 ரூபா அளவில் கட்டிவைக்கப்பட்டிருந்ததால், உண்டியலில் அனுப்புகிறேன் என்பதும் அன்றாடப் பேச்சாயிற்று. செட்டியார்களின் அதே சொல். ஆனால் காரைக்குடிச் சமூகம் இதில் இல்லை. "அண்ணா" என்று நம் தமிழில் அழைப்பவரின் குரலைத் தவிர வேறு பிணை இல்லை. கைபேசியில் வரும் வைப்புச் சீட்டின் படத்தை எவரும் தயாரிக்கலாம். உண்மையாகவே பணம் விழுந்தாலும் அது வேறொரு ஏமாளியின் பணமாக இருந்தால், காவல்துறை தேடி வருவது காரை விற்றவரின் கணக்கை.

வாகனத்தை ஒப்படைப்பதிலும் நம்மவர்களுக்கு ஒரு பழைய பழக்கம். உடைமை மாற்றும் படிவத்தில் வெறுமனே ஒப்பமிட்டு, வாங்குபவரின் பெயரை எழுதாமல், பதிவுப் புத்தகத்தோடு கொடுத்துவிடுவது. "ஓப்பன் பேப்பர்" என்பார்கள். கோப்பிக்காலத்துக் கணக்கில் சொன்னால், பணத்துக்கு முன் கப்பற் சீட்டை நீட்டுவது இதுதான். புத்தகத்தில் பெயர் உங்களுடையதாகவே இருக்கும். வண்டி எங்கே, எவர் கையில் என்று தெரியாது. போர்க்காலத்தில் ஒரு தமிழர் பெயரில் உள்ள வண்டி தெரியாத இடத்தில் பிடிபட்டால் என்னவாகும் என்பதை அறிந்தவர்களும் இதைச் செய்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. கைமாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவிப்பது விற்பவரின் கடமையும் காப்புமாகும்.

நண்பர் வங்கிக்குப் போனார். அங்கே அதிகாரியாக இருந்தவர் அவருடைய பழைய மாணவர். நீண்டகால வாடிக்கையாளர் என்பதால் காசோலையை வாங்கிக்கொண்டு இன்றே கணக்கில் போடலாம் என்றார். நண்பர் தலையசைத்தார். அப்போது அந்த மாணவர் சொன்னாராம்: "சேர், கணக்குல விழுந்தாலும் அது ஒங்க காசு இல்ல. நாங்க ஒங்களுக்குக் குடுத்த கடன். அந்தப் பக்கம் இருந்து பதில் வாறவரைக்கும் ஒரு சதமும் அனுப்பாதீங்க."

காசோலை வசூலுக்கு மட்டும் அனுப்பப்பட்டது. பொறியியலாளர் தினமும் எழுதினார். கப்பல் புறப்படுகிறது என்றார், பிறகு மனைவிக்குச் சுகமில்லை என்றார், ஈற்றில் பொலிஸுக்குப் போவேன் என்றார். ஐந்து வாரங்களின் பின் காசோலை போலி என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

காரை வாங்கியவர் அக்குறணையைச் சேர்ந்த ஒரு வியாபாரி. இரண்டு முறை வந்து பார்த்தார். பொனெற்றைத் திறந்தார், அடியில் படுத்தும் பார்த்தார், மூன்று நாள் பேரம் பேசி 18 இலட்சத்துக்கு இறக்கினார். வங்கிக் கருமபீடத்தில் தாள்கள் எண்ணி முடிந்த பிறகே நண்பர் படிவத்தில் ஒப்பமிட்டார். வாங்குபவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அங்கேயே எழுதப்பட்டன. திரும்பி வந்த காசோலைக்காக இரண்டு வங்கிகளின் கட்டணத்தையும் அவருடைய கணக்கில் கழித்திருந்தார்கள். அந்தப் பற்றுச்சீட்டை இன்னும் வைத்திருக்கிறார்.