கணக்கு வாத்தியார் நூலகரான கதை

கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தை விட்டுப் பிரிக்பீல்ட்சுக்கு வேலை மாறிப் போனவரை, ‘ஓரிடத்தில் நிலைக்காதவர்’ என்று நாம் சொல்லிவிடுகிறோம். சீர்காழிக்காரரான எஸ். ஆர். இரங்கநாதனும் வேலை மாறியவர்தாம். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். புத்தகங்களுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. சில நாட்களிலேயே பழைய வேலையைத் திருப்பிக் கேட்டார்! முதலில் இலண்டன் சென்று பயின்று வரும்படி சொன்னார்கள். அங்கே பொதுமக்கள் தாராளமாக வந்து படிக்கும் நூலகங்களைக் கண்டார். திரும்பியவர் கணக்குப் பக்கம் போகவேயில்லை. 1944 வரை அந்த நூலகத்திலேயே இருந்தார். 1931-இல் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் கிராமங்களுக்குப் புறப்பட்டபோது அதற்குத் துணைநின்றார்.

நாவலுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. முன்சீப் வேலை பார்த்த மாயூரம் வேதநாயகம் பிள்ளைதான் 1879-இல் தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தந்தவர்.

நம் நாட்டு நூல்களுக்கும் ஒருவர் கணக்கெடுத்தார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களை இராம. சுப்பையா பட்டியலிட, கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969-இல் அதை வெளியிட்டது. நம் தாத்தா காலத்து நாவல்களைத் தேடுவோர் முதலில் புரட்ட வேண்டியது அதைத்தான்.