கறையும் சிருஷ்டியும்: மலையகத் தேயிலைச் சாயத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

அரூப ஓவியர்களும் பல ஊடகங்களைக் கலந்து சித்திரம் செய்வோரும் தமது சிருஷ்டி பிறந்த விதத்தைக் கூறப் புகும்போது பெரும்பாலும் ஒரு கணத்தையே கூறுகிறார்கள். அக்கணத்துக்கு முன்னும் பின்னும் கிடந்த பிரயாசையைக் கூறுவது அரிது. வஸிலி காந்தின்ஸ்கி 1913-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், மியூனிக் நகரில் அந்திப் பொழுதொன்றில் தமது ஓவியக்கூடத்துக்குத் திரும்பியபோது, இன்ன பொருளென்று விளங்காத, உள்ளிருந்து ஒளிர்வது போன்ற ஓவியம் ஒன்றைக் கண்டு திகைத்ததாகவும், அது பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த தம்முடைய படமே எனப் பின்பு உணர்ந்ததாகவும் எழுதினார். அரூபக் கலையின் ஜன்மக் கதையாக இது ஓயாமல் எடுத்துரைக்கப்படுகிறது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் நான்கே நாட்களில் அவர் தீட்டி முடித்த ஏழாம் 'கம்போஸிஷன்' என்னும் பெரும்படத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட முன்வரைவுகளைச் செய்திருந்தார் என்ற உண்மையை அக்கதையோடு சேர்த்துச் சொல்வோர் சிலரே.

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-இல் நிறுவிய ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர், 1963 அளவில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கு மாணவன் ஒருவனின் கணக்கேட்டுப் பக்கத்தைத் தூண்டுகோலாகச் சொன்னார். இது காந்தின்ஸ்கியின் அந்திப் பொழுதைவிட எனக்கு நம்பகமான வாக்குமூலமாகப் படுகிறது. ஏனெனில் இதில் ஒரு தாள் இருக்கிறது, அதன்மேல் ஒரு கையின் உழைப்பு இருக்கிறது. அகத்தூண்டல் என்பது பொருளோடும் கையோடும் பிணைத்துச் சொல்லப்படும்போதுதான் ஆராய்ச்சிக்கு உரியதாகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு. அதற்கு இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியாகிய மலையகத்தைவிடத் தெளிவான சான்றிடம் வேறொன்றை நான் அறியேன்.

ஹட்டன் பகுதியைச் சேர்ந்தவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்றவருமான ஹனுஷா சோமசுந்தரம், தேயிலைச் சாயத்தையும் பயன்படுத்திக் கழித்த தேயிலைப் பைகளையும் தேநீர் வடிகட்டிகளையும் தமது படைப்புகளின் ஊடகமாகக் கொண்டவர். அவருடைய ஆக்கங்களை முழு அரூபம் என்று வகுத்துவிட இயலாது. தோட்டத் தொழிலாளரின் வாழ்வு அவற்றில் வெளிப்படையாகவே நிற்கிறது. எனினும் அங்கே கறை வெறும் பின்னணி வர்ணமாக இல்லை. விஷயமும் ஊடகமும் ஒன்றேயாகிவிட்டன.

இதன் தாற்பரியத்தை உணரக் கறையின் இயல்பைச் சிறிது நிதானமாகப் பார்க்கவேண்டும். மலையிலிருந்து ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைக்கு வந்து சேரும் கொழுந்து முதலில் வாட்டப்பட்டு, பின் உருளையில் நசுங்கி, தன் சாறு காற்றிலுள்ள பிராணவாயுவோடு கலக்கும்போது பச்சை நிறம் மாறிச் செம்பு நிறம் எய்துகிறது. உலர்த்தும் சூடு அம்மாற்றத்தை நிறுத்துகிறது. தூளைக் கொதிநீரில் இட்டுச் சாயமாக்கித் தாளில் பரப்பும் ஓவியர், ஸ்டோர் நிறுத்திய இடத்திலிருந்து அவ்வேலையைத் தாமே ஏற்று நடத்துகிறார் எனலாம். ஈரம் விளிம்பில் விரைந்து உலர்வதால் சாயம் உள்ளிருந்து விளிம்பை நோக்கி இழுபட்டு அங்கே கருங்கோடாகப் படிகிறது. இரும்புச் சத்துப் பட்ட இடத்தில் அதே சாயம் கறுத்துவிடுகிறது. ஒரு பூச்சுக் காயாமல் அடுத்த பூச்சு ஏற்காது. தென்மேற்குப் பருவமழை மலையை மூடியிருக்கும் மாதங்களில் அந்தக் காத்திருப்பு இன்னும் நீளும், தாள் பூஞ்சணம் பிடிக்கவும் கூடும். ஓவியர் தொடங்கிவைப்பதும் நீர் முடித்துவைப்பதுமாகிய இந்த முறையில், தற்செயல் என்று நாம் அழைப்பதெல்லாம் பலநாள் பழக்கத்தால் எதிர்பார்க்கப்பட்ட தற்செயலே.

இவ்விடத்தில் ஓர் ஆக்ஷேபம் எழும். இரண்டு நூற்றாண்டுத் துயரத்தைச் சுமந்த மக்கள், 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியா, இலங்கை என்னும் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டவர்கள், தங்கள் முகத்தை நேராகக் காட்டும் யதார்த்தச் சித்திரத்தையன்றோ வேண்டுவர், கறையும் கோடும் அவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் அந்த முகம் எவர் கையில் இருந்தது என்பதை நினைக்கவேண்டும். 1890-இல் தொடங்கிய பிளேட் கம்பெனி போன்ற புகைப்பட நிலையங்களின் தபாலட்டைகளிலும், அதே ஆண்டு இலங்கைத் தோட்டங்களை வாங்கிய லிப்டனின் வியாபாரம் பெருகிய காலத்து விளம்பரங்களிலும், கூடை சுமந்த கொழுந்துப் பெண் பச்சை மலையின் அலங்காரமாக உலகெங்கும் அச்சேறிவிட்டாள். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் காம்பராவின் புகையோ, கொழுந்தெடுக்கும் மட்டத்தைக் காட்டும் மட்டக்கோல் உரசிய விரலோ, செக்ரோல் என்னும் பேர்ப்பதிவேட்டில் அரைநாட் கூலியாகிய அரைப்பேராகக் குறைந்த நாளோ அப்படங்களில் இல்லை. உருவம் முன்னமே பிறரால் அபகரிக்கப்பட்ட ஒரு சமூகத்தில், அவ்வுருவத்தை மட்டுமே நம்பியிராமல், எந்தத் தபாலட்டையும் காட்டாத கறையை நாடுவது பலாயனமாகாது. அது உரிமை மீட்பு.

ஆகவே இத்தகைய ஓவியர் 'எனக்குத் தூண்டுதல் என் தோட்டம்' என்று கூறும்போது, அதனை ஊர்ப்பற்றின் மென்மையான வெளிப்பாடாக மட்டும் கொண்டு கண்காட்சிக் குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதி முடித்துவிடுவது விமரிசனத்தின் சோம்பல் என்றே கருதுகிறேன். அவர் குறிப்பது ஒரு செய்முறையை; தாயும் பாட்டியும் கையால் அறிந்திருந்த பொருளொன்று, தொழிலென்ற ஸ்தானத்திலிருந்து கலையென்ற ஸ்தானத்துக்கு மாறிய வரலாற்றை.

மலையகத்தில் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியரும், கலைப் பதிவுகளைத் தொகுக்கும் பல்கலைக்கழகத்தாரும் ஒரு காரியம் செய்தல் வேண்டும். எது உங்களைத் தூண்டியது என்று ஓவியரிடம் கேட்பதற்கு முன், எந்தத் தூள், எந்தத் தாள், எத்தனை பூச்சு, எது பாழாகிக் கழிந்தது என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் பேசும் தோட்டத்துத் தமிழிலேயே எழுதி வைப்பார்களாக.