எண்ணிக்கையும் எண்ணப்பட்டோரும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. ஆயினும், நோய் வந்து ஊரைச் சூழும் வேளையில் எண்ணை நாம் ஒன்று அளவுக்கு மீறி நம்புகிறோம், அல்லது அடியோடு ஏசுகிறோம். மூச்சுக்காற்றின் வழியே பரவும் நோய்களின் போக்கைக் கணிதத்தால் அறிய முயன்றோரின் வரலாறு நெடியது. அதன் முக்கிய ஏடுகள் சில இந்திய மண்ணின் துயரத்திலிருந்து எழுந்தவை. அண்மைய ஏடு ஒன்றில் நம் அரியலூருக்கும் இடம் உண்டு. அவ்வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

இக்கணக்கின் தொடக்கம் ஆலயப் பதிவேட்டில் இருக்கிறது என்பது பலருக்கு வியப்பாகலாம். லண்டன் மாநகரில் ஒவ்வொரு பங்கிலும் இறந்தோரின் தொகையை ஆலய எழுத்தர்கள் திரட்டி, வாரந்தோறும் பட்டியலாக வெளியிட்டு வந்தனர். பிளேக் நோய் தலைதூக்குகிறதா என்று அறிவதே அதன் முதல் நோக்கம். ஜான் கிராண்ட் என்னும் வணிகர் அப்பட்டியல்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்து ஆராய்ந்து 1662ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். தனித்தனியே பார்க்கையில் ஒழுங்கின்றித் தோன்றும் மரணங்கள், மொத்தமாகப் பார்க்கையில் ஓர் ஒழுங்கு காட்டுகின்றன என்பதை உலகம் அதன் வழியே உணரத் தொடங்கியது.

அடுத்த பெரிய அடி இந்தியாவில் எடுத்து வைக்கப்பட்டது. அல்மோராவில் பிறந்த ரொனால்டு ராஸ், 1897இல் செகந்திராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். அவர் மருத்துவர் மட்டுமல்லர், கணிதத்தில் பெருவிருப்பம் கொண்டவர். கொசுக்கள் அனைத்தையும் அழிக்க வேண்டியதில்லை. அவற்றின் தொகையை ஒரு வரம்புக்குக் கீழே கொண்டுவந்தாலே மலேரியா தானாகத் தேயும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அவரோடு ஆப்பிரிக்கப் பயணம் மேற்கொண்ட இளம் மருத்துவர் ஆண்டர்சன் மெக்கன்ட்ரிக் அந்த ஆர்வத்தைப் பற்றிக்கொண்டார். இந்திய மருத்துவப் பணியில் பல்லாண்டுகள் உழைத்து, கசவுலியிலிருந்த பாஸ்டர் நிலையத்தின் இயக்குநராகவும் விளங்கிய அவர், உடல்நலம் குன்றி 1920இல் எடின்பரோவுக்குத் திரும்பினார். அங்கே அவருக்கு வாய்த்த துணைவர் வில்லியம் கெர்மாக். 1924இல் ஆய்வுக்கூட விபத்தொன்றில் தம் இருபத்தாறாம் வயதில் இரு கண்களையும் இழந்தவர் அவர். பார்வையற்ற அவ்வறிஞரும் இந்தியாவிலிருந்து திரும்பிய அம்மருத்துவரும் இணைந்து 1927இல் வெளியிட்ட கட்டுரையே இன்றளவும் இத்துறையின் அடித்தளமாக நிற்கிறது.

அவர்கள் கூறியது இதுதான். ஓர் ஊரின் மக்களை மூன்று பிரிவாக்குக: நோய் பற்றக்கூடியோர், நோயுற்றோர், நீங்கியோர். முதற்பிரிவினர் இரண்டாம் பிரிவினரைச் சந்திக்கும் அளவுக்கு நோய் வளரும். நோயுற்றோர் நீங்க நீங்க அது தளரும். எல்லாரும் நோயுற்ற பின்னரே கொள்ளைநோய் ஓயும் என்பதில்லை. பற்றக்கூடியோரின் தொகை ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியதும் அது தேயத் தொடங்கிவிடும். இதற்குச் சான்றாக அவர்கள் எடுத்துக்கொண்டது 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் வாரந்தோறும் பிளேக் நோயால் இறந்தோரின் எண்ணிக்கை. அவர்கள் வரைந்த வளைகோடு அந்த மரணங்களின் ஏற்ற இறக்கத்தோடு பெரிதும் ஒத்திருந்தது. எனினும் பிளேக் நோய் எலிகளாலும் தெள்ளுப்பூச்சிகளாலும் பரவுவது. தங்கள் கணக்கு அதனை எளிமைப்படுத்தியே காட்டுகிறது என்பதை அவ்விருவரும் அறிந்தே எழுதினர்.

கணக்கின் சாரத்தை எளிதாகவே சொல்லலாம். நோயுற்ற ஒருவர் இருவருக்கு நோயைத் தருவதாகக் கொள்வோம். இருவர் நால்வராவர், நால்வர் எண்மராவர். பத்தாம் படியில் ஒருவரின் நோய் 1,024 பேரை எட்டும். அதே ஊரில் பாதிப்பேர் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தால், ஒருவர் ஒருவருக்கே தர இயலும். அதற்குமேல் நோய் வளராது. தட்டம்மையோ ஒருவரிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை பற்றக்கூடியது. ஆகவேதான் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்கின்றனர். தடுப்பூசி ஊசி பெற்ற குழந்தையை மட்டுமன்றி, ஊசி பெற இயலாத அண்டை வீட்டுக் குழந்தையையும் காக்கிறது என்னும் உண்மை இக்கணக்கிலிருந்தே தெளிவாகிறது.

இத்தகைய அறிவு கைக்கு எட்டுமுன்னரே பேரழிவு ஒன்று வந்து போயிற்று. 1918 ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் தோன்றிய இன்புளுயன்சா, செப்டம்பரில் கொடிய இரண்டாம் அலையாக மாறி, இருப்புப்பாதை வழியே நாடெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் 1 கோடியே 20 லட்சம் முதல் 2 கோடி வரை மக்கள் மாண்டனர் என்று மதிப்பிடுகின்றனர். மதிப்பீடுகளுக்கிடையே உள்ள இந்த 80 லட்சம் வேறுபாட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். அது வெறும் கணக்குப் பிழையன்று. பதிவாகாமலே புதைக்கப்பட்ட, எரிக்கப்பட்ட மாந்தர் அதனுள் மறைந்து கிடக்கின்றனர். எழுதி வைக்க ஆளின்றிப் போன ஊர்களில் எந்தக் கணிதமும் பயன்படாது.

இனி நம் ஊருக்கு வருவோம். 2020 ஏப்ரல் இறுதிவரை அரியலூர் மாவட்டத்தில் கொரோனா நோயாளிகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்தனர். பிழைப்புக்காகச் சென்னை சென்று கோயம்பேடு சந்தையில் மூட்டை சுமந்தும் கடைகளில் உழைத்தும் வந்த நம் மாவட்டத்தார், சந்தையில் நோய் பரவியதும் ஊர் திரும்பினர். மே 5ஆம் நாள் சந்தை மூடப்பட்டது. சில நாள்களிலேயே அரியலூரில் நோயுற்றோர் தொகை நூற்றுக்கணக்கில் உயர்ந்தது. கடலூர், விழுப்புரம், பெரம்பலூர் மாவட்டங்களிலும் அதே நிலை. அப்போது எழுந்த பேச்சு நம் நினைவில் இருக்கிறது. திரும்பி வந்த கூலித்தொழிலாளியை நோயாளி என்று கருதாமல், நோயாகவே கருதியோர் உண்டு.

கணிதம் இங்கே நமக்கு ஒரு நீதியைச் சொல்கிறது. அவ்வாண்டு தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நோயுற்ற 84,965 பேரையும் அவர்களோடு தொடர்புகொண்ட 5,75,071 பேரையும் நம் சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகச் சென்று பதிந்த விவரங்கள் ஆராயப்பட்டன. உலக அளவில் மதிக்கப்படும் 'சயின்ஸ்' இதழில் அம்முடிவு வெளிவந்தது. நோயுற்றோருள் பத்தில் ஏழு பேர், விவரம் கிடைத்த தம் தொடர்புகளுள் எவருக்கும் நோயைத் தரவில்லை. சிறு தொகையினரிடமிருந்தே பலருக்குப் பரவியது. ஒருவர் இருவருக்குத் தருகிறார் என்பது சராசரியே. நெரிசலும் நேரமும் காற்றோட்டமின்மையும் கூடிய இடத்தில் சிக்கியவர் பலருக்குத் தருகிறார். அல்லாதவர் பெரும்பாலும் ஒருவருக்கும் தருவதில்லை. கோயம்பேட்டில் பெருகியது தொழிலாளியின் குற்றமன்று. ஊருக்கு உணவளிக்கும் சந்தையை ஊரடங்கிலும் நடத்தியாக வேண்டியிருந்தது. அதன் சுமையை அவன் தோள் தாங்கிற்று.

கிருமிகளுக்குள்ளும் ஓர் உறவு உண்டு என்பது இன்றைய ஆய்வுகள் சேர்த்துள்ள புதிய பாடம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒன்பது ஆண்டுகள், 44,230 நோய் நிகழ்வுகளில் பதினொரு வகைக் கிருமிகளைச் சோதித்து 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இன்புளுயன்சா மிகும் காலத்தில் சாதாரணச் சளியைத் தரும் ரைனோ கிருமி குறைகிறது என்று அது காட்டியது. ஒன்று புகுந்த உடலில் விழித்தெழும் எதிர்ப்பு, மற்றொன்றைச் சில நாள்களுக்கேனும் தடுக்கிறது போலும். ஆகவே ஒவ்வொரு நோயையும் தனித்தனியே கணக்கிட்டால் போதாது. ஒன்றின் வளைகோடு மற்றொன்றை வளைக்கிறது. மனிதர் விலகி இருந்ததும் ஒரு காரணமாக, 2020இல் இன்புளுயன்சா உலகெங்கும் வெகுவாகக் குறைந்தது. அதன் 'யமகட்டா' என்னும் கிளை அவ்வாண்டு மார்ச் மாதத்துக்குப் பின் உறுதியாகத் தென்படவே இல்லை.

எனினும் கணக்கு பொய்ப்பதும் உண்டே என்பீர்கள். உண்மைதான். நடுவண் அரசு அமைத்த அறிஞர் குழு 2020 அக்டோபரில், நோய் உச்சத்தைக் கடந்துவிட்டது, விதிகளைப் பேணினால் அடுத்த பிப்ரவரிக்குள் அடங்கக்கூடும் என்றது. 2021 மே மாதத்திலோ ஒரே நாளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். கிருமி தன் இயல்பை மாற்றிக்கொண்டது. மக்களும் தம் விழிப்பைத் தளர்த்தினர். இரண்டையும் எந்தச் சமன்பாடும் முன்னறிய இயலாது. ஆனால் வேறொரு வகைப் பொய்ப்பும் உண்டு. இன்னும் நாற்பது நாளில் நினிவே அழியும் என்றார் இறைவாக்கினர் யோனா. மக்கள் கேட்டு மனம் மாறினர், நகர் அழியவில்லை. தம் சொல் பொய்த்ததே என்று அவர் சினந்தார். உண்மையில் அவர் சொல் பொய்க்கவில்லை, பயன் தந்தது. இத்தனை பேர் மடிவர் என்ற எச்சரிக்கையைக் கேட்டு ஊர் அடங்கியிருந்து, அத்தனை பேர் மடியாதபோது, கணக்கு தவறு என்று நகைப்பது யோனாவின் சினத்தைப் போன்றதே.

இறுதியாக ஒன்று. கெர்மாக்கும் மெக்கன்ட்ரிக்கும் வகுத்த மூன்றாம் பிரிவை மீண்டும் பாருங்கள். 'நீங்கியோர்' என்னும் அந்த ஒரே கட்டத்துள் நலம் பெற்றவரும் அடங்குவர், இறந்தவரும் அடங்குவர். இருவரும் இனி நோயைப் பரப்பார். ஆகவே கணக்குக்கு இருவரும் ஒன்றே. கணிதத்தின் நோக்கத்துக்கு அது சரியே. அதனை நாம் குறைகூறுவதற்கில்லை. ஆனால் ஒரு குடும்பத்துக்கு அவ்விரண்டும் ஒன்றல்ல. அதனால்தான் பங்கில் நாம் வேறொரு ஏட்டையும் பேணுகிறோம். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு. பெயர், வயது, பெற்றோர் அல்லது துணைவர், மரித்த நாள், புதைத்த இடம். அந்த வரிகளை நேர்மையோடு எழுதாத ஊருக்குச் சரியான கணக்கு கிடைப்பதில்லை. கணக்கைக் கேளாத ஊரில் அந்த வரிகள் பெருகிக்கொண்டே போகும். இரண்டு ஏடுகளும் நமக்கு வேண்டும்.