தண்ணீர் கட்டிய கை

பயிருக்கு நீர் விடுவதை நம் குடியானவர்கள் 'தண்ணீர் கட்டுதல்' என்கிறார்கள். விடுகிற காரியத்துக்குக் கட்டுதல் என்று பெயர் வைத்தது முதலில் வேடிக்கையாகத் தோன்றினாலும், வரப்பின்மேல் ஒரு நாழிகை நின்று பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் விளங்கிவிடும். மடையைத் திறப்பதற்கு எந்தச் சாமர்த்தியமும் வேண்டியதில்லை, ஜலம் பள்ளத்தை நோக்கித் தானே ஓடும். எந்தப் பாத்திக்கு எவ்வளவு போதும் என்று அறிந்து, அந்தக் கணத்தில் ஒரு வெட்டு மண்ணைப் போட்டு அடைப்பதுதான் வித்தை. ஏரிப் பாசனமுள்ள ஊர்களில் இந்த வித்தையையே உத்தியோகமாகக் கொண்டிருந்தவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். ஓசூருக்கு வடக்கே எல்லையைத் தாண்டினால், கோலார்ச் சீமையின் கன்னடக்காரர்கள் அவரை நீருகண்டி என்பார்கள். வானத்தின் போக்கை அறிந்து புல்வெளிக்கு நீரை நிறுத்தும் யந்திரங்கள் விலைக்குக் கிடைக்கும் இந்நாளில், கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பிரதேசத்தில் நீரைக் கட்டிய கைகளின் சரித்திரத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது பிரயோஜனமற்ற வேலையாகாது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போகிறவர் தம்மை அறியாமலே மலையேறுகிறார். கீழே இருப்பது பழைய பாராமகால். மேலே, கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் விளிம்பாக ஓசூர் இருக்கிறது. 1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும், 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு ஓசூர்ப் பகுதியும் கும்பினியார் வசமாயின. பாராமகாலில் நிலத்தை அளந்து வரி விதிக்க வந்த அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும், ஒவ்வொரு குடியானவனும் சர்க்காரோடு நேரே கணக்குத் தீர்த்துக்கொள்ளும் ரயத்துவாரி முறைக்கு அங்கேதான் வித்திட்டார்கள். நிலம் இவ்வாறு தனித்தனிப் பட்டாக்களாகப் பிரிந்தபோதிலும் ஏரி பிரியவில்லை. நூறு பேருடைய வயல்களுக்கும் ஒரே மதகின் வழியாகத்தான் நீர் வரவேண்டியிருந்தது.

அந்த மதகின் சாவி நீர்க்கட்டியின் கையில் இருந்தது. ஏரியில் எத்தனை நாளைக்கு நீர் நிற்கும், நடவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, கதிர் பால் பிடிக்கும் தருணம் எப்போது வரும் என்பவற்றையெல்லாம் மனக்கணக்காகவே வைத்திருந்து, நடு இரவில் மழை பிடித்துக்கொண்டால் எழுந்து போய் மதகை அடைத்துவிட்டு வருவது அவருடைய தர்மம். ஏனெனில் மழை நனைத்த வயலுக்கு ஏரி நீரையும் விடுவது பங்குனி மாதத்துச் சோற்றைப் புரட்டாசியிலேயே கொட்டிவிடுவதற்குச் சமானம். சம்பளம் களத்துமேட்டில் நெல்லாக வந்தது. பெரும்பாலான ஊர்களில் அவர் ஒடுக்கப்பட்ட குலத்தைச் சேர்ந்தவராகவும், தாம் நீர் பாய்ச்சிய நிலத்தில் ஒரு குழிகூடச் சொந்தமில்லாதவராகவும் இருந்தார் என்பதை மறைத்துவிட்டு அக்காலத்தைப் பொற்காலம் என்று புகழ்வது அநியாயம். பூமியில்லாத காரணத்தாலேயே அவரிடம் பட்சபாதம் இராது என்று ஊரார் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் பலனை நிலமுள்ளவர்கள் அனுபவித்தார்கள். ஏரிகளைச் செப்பனிடும் குடிமராமத்து தளர்ந்து, 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைச் சென்னை ராஜதானி இயற்ற நேர்ந்ததிலிருந்து, அந்தப் பழைய ஏற்பாடு அதற்குள்ளாகவே எவ்வளவு நைந்துபோயிருந்தது என்று ஊகிக்கலாம்.

ஏரி எட்டாத புன்செய் மேடுகளில் கிணறும், மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலையும் ஆட்சி செய்தன. மாடுகள் சரிவில் இறங்க, தோற்சால் மேலே வந்து நீரைக் கொட்டும். மாடுகள் பின்னோக்கி ஏறச் சால் மறுபடி கிணற்றுக்குள் அமிழும். இங்கே நீரை எப்போது நிறுத்துவது என்று கணக்கிடத் தனியாக ஒருவர் தேவைப்படவில்லை. மாடு களைத்தது, அதுவே நியதியாயிற்று. மழை பெய்த மறுநாள் கவலை பூட்டுகிற மூடன் எந்த ஊரிலும் இருந்ததில்லை.

பின்னர் வந்த காலத்தில் நீரின் கடிவாளம் வானத்திடமிருந்து வேறு எஜமானர்களுக்கு மாறியது. 1950-களின் பிற்பகுதியில் தென்பெண்ணையின் குறுக்கே கிருஷ்ணகிரி அணை எழுந்தபோது, மதகைத் தூக்குகிறவர் பொதுப்பணித் துறையின் லஸ்கர் ஆனார். அவர் பார்க்க வேண்டியது சர்க்கார் உத்தரவில் கண்ட தேதியை. அடுத்துப் பம்புசெட்டு வந்து மாடுகளை விடுவித்தது. 1990-இல் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு மின்சாரம் கட்டணமில்லாமல் கிடைக்கலாயிற்று. ஆயினும் மும்முனை மின்சாரம் நாள் முழுவதும் வருவதில்லையாதலால், அது வந்த கணத்தில் மோட்டாரைத் தானே ஓட்டிவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டரைக் குடியானவர்கள் பெட்டியில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நள்ளிரவில் பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்தவர்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் அந்தக் கருவிக்குத் தெரிந்ததெல்லாம் மின்சாரத்தின் வருகை ஒன்றே; மழை கொட்டிக்கொண்டிருந்தாலும் மோட்டார் ஓடும். கிணறு ஆழ்துளைக் கிணறாயிற்று. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட ஜனங்களுக்காக, ஒகேனக்கலிலிருந்து காவிரி ஜலத்தை ஏற்றிக் கொண்டுவரும் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட வேண்டியதாயிற்று.

புல்லுக்கும் இந்தச் சீமையில் ஒரு சரித்திரம் உண்டு. 1824-இல் ராணுவக் குதிரைகளுக்காக ஓசூரை அடுத்த மத்திகிரியில் ஏற்படுத்திய பண்ணை இன்றும் கால்நடைப் பண்ணையாக இருந்துவருகிறது. அங்கே புல் என்றால் தீனி. அலங்காரத்துக்கென்றே புல் வளர்க்கும் வழக்கம் பெருகியது தொழிற்சாலைகளோடு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரமும் ஓசூருக்கு வந்தபின், சீதோஷ்ணம் இதமான அவ்வூரில் ஆலைவாசல்தோறும் பச்சைக் கம்பளம் விரிப்பது மரியாதைச் சின்னமாயிற்று. கைக்கடிகாரம் செய்கிற ஊரில் புல்லும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதில் ஆச்சரியமில்லை: விடியற்காலை குறித்த மணிக்குத் தெளிப்பான்கள் சுழலும், குறித்த மணிக்கு அடங்கும். ஓசூரிலோ கோடையின் இடிமழை பெரும்பாலும் மாலையில் வருகிறது. முதல்நாள் மாலை மழையில் ஊறிக் கிடக்கும் புல்லின்மேல் மறுநாள் காலை தெளிப்பான் சுழலுவதை நான் அந்தப் பக்கத்தில் கண்டிருக்கிறேன். காவலாளி குடையைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போனார், நிறுத்தும் அதிகாரம் அவருக்கில்லை.

கடிகாரத்தை மீண்டும் வானத்துக்குக் கீழ்ப்படுத்தும் சாஸ்திரம் வெகு தூரத்தில் பிறந்தது. 1948-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி ஹோவர்டு பென்மன், சூரிய வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம், உஷ்ணம் ஆகியவற்றைக்கொண்டு நீர் எவ்வளவு ஆவியாகும் என்று கணிக்கும் சூத்திரத்தை வெளியிட்டார். அதன் வழிவந்த பென்மன்-மான்டீத் சூத்திரத்தை 1998-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் பொது அளவுகோலாக வகுத்தது. அந்தக் கணக்கைப் போட்டுத் தெளிப்பானை இயக்கும் கருவிகளுக்கு 2011-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நீர்ச்சிக்கன முத்திரைக்கான தரத்தை வகுத்தது. கருவி செய்வது இவ்வளவே: நேற்றுப் புல் எத்தனை மில்லிமீட்டர் நீரை இழந்தது, மழை எத்தனை மில்லிமீட்டரைத் திருப்பித் தந்தது என்று வரவு செலவு எழுதி, குறைந்ததை மாத்திரம் கொடுக்கும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஏறக்குறைய 4,000 லிட்டர். நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் வேண்டிய புல்வெளியில் 20 மில்லிமீட்டர் மழை ஓடி வீணாகாமல் இறங்கினால், ஐந்து நாள் தெளிப்பு மிச்சம். அதாவது ஏக்கருக்கு 80,000 லிட்டர். 1,000 லிட்டரை 100 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்கக் குறைந்தபட்சம் கால் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும், பம்பின் நஷ்டத்தைச் சேர்த்தால் அதுவும் இரட்டிக்கும். லாரித் தண்ணீரானால் கணக்கு இன்னும் கசக்கும். மின்சாரத்துக்கு விலை கொடுக்கும் ஆலைக்காரருக்கு இந்த யந்திரம் பணமாக லாபம் தருவதும், விலை கொடாத குடியானவருக்கு அவ்விதம் தராததும் இதனாலேயே.

ஆயினும் இப்பிரதேசத்துக் குடியானவர்கள் சிக்கனத்தில் ஆலைகளுக்குப் பின்தங்கவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2004-05 முதல் மூன்றாண்டுகள் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேரில் துல்லியப் பண்ணைத் திட்டத்தை நடத்திச் சொட்டு நீரோடு உரத்தையும் கரைத்துக் கொடுக்கும் முறையைக் கற்பித்தது. மானியம் முதலாண்டில் முழுவதுமாக இருந்து, அடுத்த ஆண்டுகளில் 90, 80 சதவீதமாகக் குறைந்துகொண்டு வந்தது. தனித்தனிப் பட்டாதாரர்களை அத்திட்டம் குழுக்களாகவும் சேர்த்தது. ஓசூர் ரோஜா வளரும் பசுமைக்குடில்களிலும், தளியில் இந்திய-இஸ்ரேல் கூட்டுறவில் அமைந்த மலர் மகத்துவ மையத்திலும் சொட்டு நீர் சகஜமாகிவிட்டது. கூரைக்குக் கீழே மழை எட்டாதாகையால், அங்கே வெயிலையும் ஈரப்பதத்தையும் கொண்டு கணக்கிட்டால் போதும்.

இவ்விதம், வானத்திலிருந்து தேதிக்கும், தேதியிலிருந்து மின்சாரத்துக்கும், மின்சாரத்திலிருந்து கடிகாரத்துக்கும் போன நீரின் அதிகாரம், இருநூறு வருஷப் பிரயாணத்துக்குப் பிறகு வானத்தண்டையே திரும்பி வந்திருக்கிறது. யந்திரம் தூங்குவதில்லை, களத்துமேட்டில் கூலிக்குக் கைகட்டி நிற்பதுமில்லை; அந்த அவமானம் ஒழிந்தது நல்லதே. ஆனால் நீர்க்கட்டி மதகை அடைத்தபோது மிஞ்சிய நீர் ஏரியில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நின்றது; அடுத்த முறைக்கு அது கடைமடைக்காரனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அவரை நிறுத்திக் கேட்க ஊருக்கு உரிமை இருந்தது. யந்திரம் அடைத்து மிஞ்சிய நீர் பாறைக்கடியில் நிற்கிறது. ஆலையின் மதில் சுவருக்கு அப்பால் தக்காளித் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்தான் இன்றைய கடைமடைக்காரர். அவர் யாரைப் போய்க் கேட்பார்?