"போயிலை இல்ல, வெறும் பாக்குதான்"



நெடுங்கேணியில் வெத்திலை போடுகிறவர்களிடம் கேட்டால், "நான் போயிலை சேர்க்கிறதில்ல, வெறும் பாக்குதான்" என்பார்கள். நாங்களும் வீட்டுப் பெரியவர்களுக்காக இதையே சொல்லி வந்தோம். மருத்துவ உலகமும் நெடுங்காலம் ஏறத்தாழ இப்படித்தான் நினைத்தது.

1952 இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களின் வாயின் உட்தோல் இறுகி, வாயைத் திறக்க முடியாமல் போயிருந்தது. அடுத்த ஆண்டு பம்பாயில் ஜோஷி இந்நோய்க்கு 'சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ்' என்று பெயர் வைத்தார். 1960 இல் அதே பம்பாயில் மிளகாயைச் சந்தேகித்து, அதன் காரச் சத்தை எலிகளின் வாயில் தடவிப் பார்த்தார்கள். பாவம் எலிகள்.

1985 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேர்ந்த வெத்திலை புற்றுநோய் தரும் என்றது. புகையிலை சேராததற்குச் சான்று போதாது என்றது. 1990களில் கராச்சியில் நடந்த ஆய்விலோ வெறும் பாக்கு மென்றவர்களிடமும் இந்நோய் தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் 2003 இல் அதே முகவரகம் பாக்கே புற்றுநோய் தரும் பொருள் என்று முடிவுசெய்தது. இலங்கை 2016 இல் மெல்லும் புகையிலையைத் தடைசெய்தது. பாக்கு இன்னும் கடையில் இருக்கிறது.

வாயின் உட்தோலில் அடிவரிசையில் இருப்பவை ஸ்டெம் செல்கள், அதாவது குருத்துக் கலங்கள். அவை ஓயாமல் புதுக் கலங்களை மேலே அனுப்புவதால்தான் சுடுதேத்தண்ணி பட்ட நாக்கு சில நாளில் ஆறுகிறது. பாக்கிலுள்ள அரிகோலின், அந்த வரிசைக்குக் கீழே கொலாஜன் நாரை அளவுக்கு மிஞ்சிச் சேர வைக்கிறது. பாக்கிலுள்ள செம்பு அந்த நாரை இன்னும் இறுக்குகிறது. இரத்த ஓட்டம் குறைந்து மேல்தோல் மெலிகிறது. வயலில் மேல்மண்ணுக்குக் கீழே களி இறுகினால் பயிர் எப்படி நிற்கும்? அதே கதைதான். பாக்கை விட்டாலும் இறுகிய நார் பெரும்பாலும் பழையபடி இளகாது. ஸ்டெம் செல் ஊசி போட்டு இந்தியாவில் சிறு அளவில் முயன்றிருக்கிறார்கள். அது இன்னும் நம்பியிருக்கும் வைத்தியமாகவில்லை.

கேரளத்தின் எர்ணாகுளத்தில் இந்நோயுள்ள 66 பேரை 17 ஆண்டுகள் வரை கவனித்ததில் ஐந்து பேருக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது.

உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். போகவில்லையென்றால், அல்லது உறைப்புச் சாப்பாடு வாயை எரித்தால், அடுத்த கிளினிக் நாளிலேயே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். உம்மாவையும் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.