வாணம் விட யாரைக் கேட்க வேண்டும்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விசயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் பகுதியில் ஒரு மண்டபத்தில் நடந்த கலியாணத்துக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் மேடையேறும் நேரம் இரு பக்கமும் தீப்பொறி சீறுகிற மெசின்கள் வேலை செய்தன. ஒரு மெசினுக்கும் சோடனைத் துணிக்கும் இடையில் ஒரு முழம் கூட இல்லை. துணியின் ஓரம் பற்றியது. ஒரு பொடியன் ஓடிவந்து கையாலேயே அடித்து அணைத்தான். சனம் அதையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது. வீடியோவும் நிற்கவில்லை.

கிட்டப் போய்ப் பார்த்தால் அவன் எங்களிடம் படித்தவன். ஓ.எல். எழுதி இரண்டு வருடம்தான். உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது.

“ஆரடா தம்பி உனக்கு இதைப் பழக்கினது?”

“யூடியூப் பார்த்துத்தான் சேர்.”

“அனுமதி எடுத்தனீங்களோ?”

“அனுமதியோ? ஹோலுக்குக் காசு கட்டியாச்சுத்தானே சேர்.”

அவனில் பிழை இல்லை. எங்கள் ஊரில் ‘அனுமதி’ என்ற சொல்லுக்கு என்ன நடந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வரலாறு படிப்பிக்கிற நாங்களும் சொல்லவில்லை. அந்தக் கடனுக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் வெடியின் கதை. இந்தியாவில் பட்டாசு என்பதை நாம் சீனவெடி என்கிறோம். வந்த வழி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. கருமருந்தின் உயிர் வெடியுப்பு. அதை அரபு நூல்கள் ‘சீனத்துப் பனி’ என்று அழைத்தன. 13ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹசன் அல் ரம்மாஹ் வெடியுப்பைச் சுத்திகரிக்கும் முறையை எழுதி வைத்தார். 1443இல் விஜயநகரத்துக்குப் பாரசீகத் தூதராக வந்த அப்துர் ரசாக், அங்கே மகாநவமி விழாவில் கண்ட வாணவேடிக்கையைக் குறித்து வைத்தார். ஆக, வாணம் எந்த ஒரு சமயத்துக்கும் சொந்தமானதல்ல. எல்லோர் கொண்டாட்டத்திலும் அது இருந்தது.

நமது குடாநாட்டில் கோயில் திருவிழா என்றால் மேளம், சோடனை, சிகரம், வாணம். ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு பகுதியாருடையது. நேற்றையவர் 50 வாணம் விட்டால் இன்றையவர் 100 விட வேண்டும். வல்வெட்டித்துறை முத்துமாரி அம்மன் கோயில் இந்திர விழாவில் புகைக்குண்டு விடுவார்கள். கடதாசியால் செய்த பெரிய கூட்டுக்குள் புகையும் சூடும் ஏற்றி வானில் விடுவது. பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஆனால் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டுக் கூரை கிடுகு, வேலியும் கிடுகு, பந்தலும் கிடுகு. திருவிழாக்கள் நிறைய நடக்கும் வெயில் காலத்தில்தான் சோளகக் காற்று அடித்து வீசும். ஒரு பொறி போதும், ஒரு ஒழுங்கையே போய்விடும். அதனால்தான் வாணத்துக்கு வயல்வெளியும் கடற்கரையும் தேடினார்கள். இந்தப் பயத்தை யாரும் சட்டமாக எழுதவில்லை. தன் கூரையும் அயலவன் கூரையும் ஒன்றாகவே எரியும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எழுதிய சட்டம் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. 1865இன் பொலிஸ் கட்டளைச் சட்டம், 1912இன் பொதுக் காட்சிகள் கட்டளைச் சட்டம், சுதந்திரத்துக்குப் பின் 1956இன் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம். வெடிபொருளைச் செய்யவும் வைத்திருக்கவும் விற்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது இந்தக் கடைசிச் சட்டம். அதற்குக் கச்சேரிக்குத்தான் போக வேண்டும். இது சும்மா வந்த கடதாசி அல்ல. நீர்கொழும்புக்குப் பக்கத்தில் கிம்புலாப்பிட்டிய என்ற ஊர் வெடி செய்யும் குடிசைக் கைத்தொழிலுக்குப் பேர்போனது. அங்கே எத்தனையோ தடவை வெடிவிபத்து நடந்து, வேலை செய்தவர்கள் இறந்திருக்கிறார்கள்.

ஆனால் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில் நாடகத்தையும் படத்தையும் தணிக்கை செய்ததும் இதே அரசுதான். பாதுகாப்புக்கான அனுமதியும் வாயை அடைப்பதற்கான அனுமதியும் ஒரே மேசையிலிருந்து வந்தால், சனம் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கும்.

யாழ்ப்பாணத்தில் அது இன்னும் ஆழமாகப் பதிந்தது. 1974 ஜனவரி 10, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவுக் கூட்டம். வீரசிங்கம் மண்டபத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். பொலிஸார் கண்ணீர்ப்புகை அடித்தார்கள், சுட்டார்கள். அறுந்து விழுந்த மின்கம்பியில் சிக்கியவர்கள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அதை விபத்து என்று நாங்கள் எழுதமாட்டோம். ஆனால் அன்றைக்குப் பிறகு இந்த ஊரில் ‘கூட்டத்துக்குப் பொலிஸ் அனுமதி’ என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது.

பிறகு யுத்தம். போக அனுமதி, வர அனுமதி, மீன் பிடிக்க அனுமதி. எங்களுக்கோ 1990 ஒக்டோபர் 30இல் ஊரில் இருக்கவே அனுமதி இல்லாமல் போனது. சோனகத் தெருவை விட்டுச் சில மணி நேரத்தில் வெளியேறியவர்களின் பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்து, பிறகு இங்கே திரும்பி வந்தார்கள். இவ்வளவும் பட்ட ஊரில் ஒரு இளைஞன் “அனுமதியோ?” என்று சிரித்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அதனால்தான் ஒரு வழக்கைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். இது எங்கள் சமூகத்தோடு சம்பந்தப்பட்டது. வெலிகமவில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாக உயர் நீதிமன்றத்துக்குப் போன அடிப்படை உரிமை வழக்கு அது. 2007 நவம்பர் 9இல் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தீர்ப்பளித்தார். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கொடுக்கக் கூடாது. பகலில் கொடுத்தாலும் சத்தம் அந்த வளவைத் தாண்டக் கூடாது. இதற்கு இரண்டு வருடம் முன்பு, 2005 ஜூலையில், இந்திய உச்ச நீதிமன்றமும் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தமிடும் வெடிகளைத் தடை செய்திருந்தது.

சுபஹ் பாங்கு காலை 6 மணிக்கு முன் என்பது உங்களுக்குத் தெரியும். மறைக்காமல் சொல்வதென்றால், தீர்ப்பு வந்த நேரம் எங்கள் மனம் நொந்தது. “எங்களைத்தான் குறிவைக்கிறார்கள்” என்று பேசிக்கொண்டோம். ஆனால் அது பன்சலைக்கும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் இசைக் கச்சேரிக்கும் அதே அளவில்தான் பொருந்துகிறது. நம் சத்தம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அடுத்த வீட்டு நோயாளி அதைக் கேட்டே ஆக வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. நொந்த மனதோடு யோசித்துத்தான் இந்த இடத்துக்கு வந்தோம். அனுமதி என்பது பொலிஸுக்குச் செலுத்தும் மரியாதை அல்ல. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியதைப் பொதுவில் ஒரு இடத்தில் கேட்பது.

கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள்.

கேரளம், கொல்லம் மாவட்டம், புற்றிங்கல் கோயில். 2016 ஏப்ரல் 10 அதிகாலை. இரு தரப்பு வாணப் போட்டி. மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. அயலில் இருந்த ஒரு குடும்பம் முன்பே முறையிட்டிருந்தது. ஆனாலும் போட்டி நடந்தது. வெடி அடுக்கி வைத்திருந்த கட்டடத்தில் ஒரு பொறி விழுந்தது. 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அமெரிக்கா, றோட் ஐலண்ட், ‘தி ஸ்டேசன்’ என்ற இசை விடுதி. 2003 பெப்ரவரி 20. முதல் பாட்டு தொடங்கும்போது மேடையில் தீப்பொறி சீறவிட்டார்கள். அதற்கும் அனுமதி இல்லை. சத்தத்தை அடக்கச் சுவரில் ஒட்டியிருந்த பஞ்சு மெத்தை சில நொடிகளில் பற்றியது. தொடக்கத்தில் சனம் அதையும் நிகழ்ச்சியின் பகுதி என்றே நினைத்தது. பிறகு வந்த வாசலாலேயே போக எல்லோரும் முண்டியடித்தார்கள். 100 பேர் இறந்தார்கள். எங்கள் கலியாண வீட்டில் எழுந்த கைதட்டலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதிகளில் இரண்டு கணக்கு உண்டு. மண்டபத்துக்குள் மேடைத் தீப்பொறிக்கும் பார்வையாளருக்கும் இடையில் குறைந்தது 15 அடி. வெளியில் வானில் வெடிக்கும் குண்டுகளுக்கு, குண்டின் விட்டம் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 70 அடி. 3 அங்குலக் குண்டு என்றால் 210 அடி சுற்றளவில் எந்தப் பக்கமும் சனம் நிற்கக் கூடாது. நமது மண்டப வளவுகளை மனதில் அளந்து பாருங்கள்.

“இது கோல்ட் பைரோ, சுடாது” என்பார்கள். உண்மையில் அதற்குள் இருப்பது தைத்தேனியம் போன்ற உலோகத் துகள். பறக்கும் பொறி சீக்கிரம் ஆறிவிடும், ஆனால் மெசினின் வாய் சுடும். துகள் உள்ளே அடைபட்டுப் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, காய்ந்த மணல்தான் வேண்டும். மேடையில் உலர் பனிக்கட்டியிலிருந்து மேகம் போல வரும் புகையோடு காபனீரொட்சைட்டும் வருகிறது. காற்றைவிடப் பாரமானது, தரையோடு தங்கும். குழந்தைகளின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று யோசியுங்கள். மினுங்கும் கடதாசி நாடாக்கள் மின்கம்பியில் படக் கூடாது.

2024 பெப்ரவரி 9இல் முற்றவெளியில் நடந்த ஹரிஹரனின் இசை நிகழ்ச்சியில் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு சனம் உள்ளே பாய்ந்தது ஞாபகம் இருக்கும். அந்த நெரிசலின் நடுவே ஒரு பொறி விழுந்திருந்தால்?

சனக்கூட்டம் இனிக் குறையப் போவதில்லை. வலீமாவோ, சாமத்தியவீடோ, பாடசாலை விழாவோ, திருவிழாவோ, முற்பணம் கட்ட முன் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. தீப்பொறி, வாணம் பற்றிப் பொலிஸுக்கும் மாநகர சபை அல்லது பிரதேச சபைக்கும் எழுத்தில் அறிவித்தாயிற்றா?
2. துணிச் சோடனைக்கும் சனத்துக்கும் எத்தனை அடி தூரம்?
3. தீயணைப்புக் கருவியும் மணல் வாளியும் எங்கே? யாருக்குப் பாவிக்கத் தெரியும்?
4. இரண்டாவது வாசல் திறந்திருக்கிறதா, அல்லது கதிரை அடுக்கி அடைத்திருக்கிறதா?
5. மெசினை இயக்குபவருக்கு வயது 18 ஆகிவிட்டதா? அவரை யார் பழக்கினார்கள்?

அயல் வீடுகளுக்கும் ஒரு நாள் முன்பே சொல்லுங்கள். வெடிச் சத்தம் கேட்டால் இன்றும் கட்டிலுக்குக் கீழே குனியும் உம்மாமாரும் அம்மாமாரும் எல்லா ஒழுங்கையிலும் இருக்கிறார்கள்.

அந்தப் பொடியன் எங்களிடம் ஒன்று கேட்டான். “சேர், ஹோலின்ர பேரைப் போட்டிடாதேங்கோ, வேலை போயிடும்.” போடவில்லை. அவன் உழைப்பில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. அவன் வேலையை நிறுத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அவனுக்கு ஒரு சோடிக் கையுறையும், பக்கத்தில் ஒரு வாளி மணலும், பழக்கிவிட ஒரு பெரியவரும் வேண்டும் என்றுதான் கேட்கிறோம். காசு கொடுத்து மண்டபம் எடுக்கிற நாம் கேட்டால் நடக்கும்.

உங்கள் ஊர் மண்டபத்தில் இதை ஏற்கனவே ஒழுங்காகச் செய்கிறார்கள் என்றால் கீழே எழுதுங்கள். மற்றவர்களும் பார்த்துப் பழகட்டும்.