4 மீட்டருக்குள் ஒரு டிக்கி: இண்டிகோ சி.எஸ். Vs டிசையர்

டிக்கி வைத்த கார் என்றாலே நம் ஊரில் ஒரு தனி மரியாதை. ஆனால் அந்த டிக்கி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று தீர்மானித்தது யார் தெரியுமா? கார் கம்பெனி அல்ல, மத்திய பட்ஜெட்!

2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். எது சிறிய கார்? நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் என்ஜின் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். 2008 பட்ஜெட்டில் இந்த வரி 12 சதவீதமாக இறங்கியது. பெரிய கார்களுக்கு 24 சதவீதம் அப்படியே நின்றது.

அதே 2008-ல் தான் இரண்டு கார்கள் மோதின. டாடா தன் இண்டிகோவின் வாலை நறுக்கி, 3988 மி.மீ. நீளத்தில் இண்டிகோ சி.எஸ். காரை இறக்கியது. மாருதியோ ஸ்விஃப்ட் காருக்குப் பின்னால் ஒரு டிக்கியைச் சேர்த்து டிசையர் ஆக்கியது. நீளம் 4160 மி.மீ., பெட்ரோல் என்ஜின் 1300 சி.சி. ஆகவே வரிச் சலுகை கிடையாது.

வாங்குபவர் என்ன செய்வார்? இண்டிகோவில் விலை குறைவு, பின் சீட்டில் காலை நீட்டி உட்காரலாம். டிசையரில் பின் சீட் நெருக்கடி. ஆனால் 440 லிட்டர் டிக்கி, ஓட்டுவதற்கு சுகம், ஊருக்கு ஊர் சர்வீஸ் சென்டர். கூடுதல் விலை கொடுத்தும் ஜனங்கள் டிசையருக்குக் காத்திருந்தார்கள்.

2012-ல் மாருதியும் வழிக்கு வந்தது. புது டிசையரின் நீளம் 3995 மி.மீ., பெட்ரோல் என்ஜின் 1200 சி.சி.க்குள். டிக்கி மட்டும் 316 லிட்டராகச் சுருங்கியது. அதாவது வரி குறைந்ததற்கு விலையாகப் போனது ஒரு பெரிய பெட்டி வைக்கும் இடம்! அடுத்து வந்த ஹோண்டா அமேஸ் (2013), ஹூண்டாய் எக்ஸென்ட் (2014) எல்லாமே அந்தக் கோட்டுக்குள் தான்.

இங்கே தான் வணிகவியல் பாடம் இருக்கிறது. வரிச் சலுகை ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் வரை தான் அது பலம். எல்லோருக்கும் கிடைத்துவிட்டால் மைலேஜ், சர்வீஸ், மறுவிற்பனை விலை ஆகியவை தான் பேசும். 2018-ல் இந்தியாவிலேயே அதிகம் விற்ற கார் டிசையர். இண்டிகோ சி.எஸ். விற்பனையிலிருந்தே போய்விட்டது.

கோடு மட்டும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பெரிய காருக்கு 40. ஷோரூமில் டிக்கியைத் திறந்து பார்ப்பவர்கள், அதன் அளவில் பாதி டெல்லியில் முடிவானது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.